ஆலன் வரும் ஞாயிறுகள்

2003 நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனையில் மூன்றாம் பாட்டு. என் பேஸ் கிதாரின் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம், காயும் எண்ணெயில் ஈரம் பட்டது போல. நாலு விநாடி. நின்றது. கடைசிப் பாட்டில் மறுபடியும். பதினாறு வருடமாக என்னிடம் இருக்கும், பழைய ரேடியோ போலக் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்; இப்படிச் செய்ததில்லை.

"உங்களுக்கு முன்னாடி அது ரிட்டயர் ஆயிடும் போல" என்றாள் மனைவி மெட்டில்டா.

நவம்பர் 10

ஆலனிடம் கொடுத்தேன். எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். பகலில் சனத்நகரில் தொழிற்சாலை வேலை. மாலையில் மெட்டுகுடா வீட்டில் ஆம்ப் ரிப்பேர். பாதி சபைகளின் சாமான் அவன் மேஜைக்குத்தான் வரும்.

"வேற யாராவது திறந்து கை வெச்சாங்களா அங்கிள்?"

"உன்னைத் தவிர யாரும் தொட்டதில்ல."

"விக்கிறதா இருந்தா எனக்கு முதல்ல சொல்லுங்க. ஹைடெக் சிட்டி பசங்க வால்வு வால்வுன்னு அலையறாங்க."

இதை அவன் சொல்வது இரண்டாவது முறை. குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 15

திரும்பி வந்தது. இரண்டு மணி நேரம் ஓடவிட்டானாம், சத்தமே இல்லையாம். ஒரு வால்வை மாற்றியிருக்கிறான். வழக்கம்போல் உள்ளே சீட்டு ஒட்டியிருக்கிறான்: தேதி, செய்த வேலை, முன்பு கை வைத்தவர். கடைசிக் கட்டத்தில் 'யாருமில்லை'.

வீட்டில் ஒரு மணி நேரம் வாசித்தேன். சுத்தம்.

நவம்பர் 16

இரண்டாம் பாட்டிலேயே சத்தம்.

நவம்பர் 23

ஆலனுக்கு ஷிஃப்ட், வரவில்லை. டிரம்ஸ் இல்லாமலே பாடினோம். ஆம்ப் வாய் திறக்கவில்லை.

ஒன்பதாம் தேதி ஆலன் இருந்தான் – சத்தம். பதினாறாம் தேதி இருந்தான் – சத்தம். இன்று இல்லை – சத்தமும் இல்லை. வீட்டில் அவன் இல்லை – சத்தம் இல்லை. அவன் மேஜையில் மட்டும் அவன் இருந்தும் சத்தம் இல்லையாம். அதைச் சொன்னது யார்? அவன்தான்.

நவம்பர் 30

ஆலன் வந்தான். முதல் பாட்டிலேயே கரகர.

ஆராதனை முடிந்ததும் குழுவினர் முன்னால் சொல்லிவிட்டேன். "உன்னோட வருது, உன்னோட போகுது. அடிமாட்டு விலைக்கு வாங்க வழி பண்றியா, ஆலன்?"

குச்சிகளை டிரம் மேல் வைத்தான். "கைக்கு அங்கிள்?" என்று மட்டும் கேட்டான்; 'எதற்கு' என்பதற்கு இந்த ஊர் உருது. பதில் சொல்வதற்குள் போய்விட்டான்.

டிசம்பர் 4

மகள் பிளெசி சொன்னாள்: "டாடி, ரெண்டு சர்ச்ல ஆலன் அண்ணாகிட்ட குடுத்த ஆம்பைத் திரும்ப வாங்கிட்டாங்களாம். நீங்க ரிப்போர்ட்டர், நீங்க சொன்னா பேப்பர்ல வந்த மாதிரிதானே அவங்களுக்கு."

நான் அதற்காகச் சொல்லவில்லை. வேறு எதற்காகச் சொன்னேன்?

டிசம்பர் 7

ஆலன் வரவில்லை. சத்தம் இல்லை. நான் சொன்னது சரி.

டிசம்பர் 14

கிறிஸ்துமஸ் மரம் வைக்க மேடையில் இடம் ஒதுக்கினார்கள். ஆம்ப் ஆனில் இருந்தது. யாரோ ஒரு பெஞ்சைத் தொப்பென்று மேடைப் பலகையில் போட்டார்கள். கரகர.

ஆலன் அங்கே இல்லை.

அதே பலகையில்தான் அவன் காலால் அடிக்கும் பேஸ் டிரம்மும் நிற்கும். அவன் மிதிக்க மிதிக்கப் பலகை அதிரும். முப்பத்தோரு வருடமாக நிருபர். ஒரே ஆள் சொன்னதை நம்பி ஒரு வரி எழுதியதில்லை. இதில் சாட்சி யார்? நான் ஒருவன்தான்.

டிசம்பர் 15

ஆனில் வைத்து, ஒவ்வொரு வால்வையும் பென்சிலால் மெல்லத் தட்டினேன். ஓரத்துச் சின்ன வால்வில் கரகர. வால்வு உட்காரும் சாக்கெட்டே ஆடுகிறது. பிளக்கை உருவி வைத்துவிட்டேன். நாளை திறக்க வேண்டும்.

டிசம்பர் 16

சாக்கெட்டுக்கு அடியில் அண்டக்கொடுத்த காகிதம். பழுப்பேறி, சூட்டில் சுருங்கி, அட்டை போல. பிரித்தேன். 1990 டிசம்பர் 19. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் தண்ணீர் வராதது பற்றிய செய்தி. எழுதியவன் நான்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் விற்பனை விழா. மேடை ஏறும் நேரத்தில் சாக்கெட் ஆடியது. கையில் அன்றைய பேப்பர். இப்போதைக்கு இருக்கட்டும் என்று மடித்துச் செருகினேன். பிறகு மறந்தே போனேன்.

டிசம்பர் 17

ஆம்பைத் தூக்கிக்கொண்டு ஆலன் வீட்டுக்குப் போனேன். காகிதத்தை நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"இதை அன்னிக்கே பார்த்தேன் அங்கிள். கம்பெனியிலயே வெச்ச அட்டைன்னு விட்டுட்டேன். யாரும் தொடலன்னு நீங்கதானே சொன்னீங்க."

என்னை நம்பியிருக்கிறான். நான் செய்யாதது அது.

ஆம்பை வைத்துவிட்டுப் போகச் சொன்னான். உட்காரச் சொல்லவில்லை.

டிசம்பர் 21

எங்கள் பேப்பரில் குற்றச்சாட்டு முதல் பக்கத்தில் வரும். திருத்தம் ஆறாம் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில். நானே எத்தனை எழுதியிருக்கிறேன்.

இன்று ஆராதனை முடிந்ததும் அதே மேடையில் நின்று, பழுது நான் செய்தது, ஆலனைச் சொன்னது தவறு என்றேன். அந்த இரண்டு சபைகளுக்கும் போன் செய்தேன். ஒருவர் சரி என்றார். மற்றவர், "வேற ஆள்கிட்ட குடுத்துட்டோமே" என்றார்.

ஆலன் வரவில்லை.

டிசம்பர் 24

ஆம்ப் வந்தது. பிளெசியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். உள்ளே புதுச் சீட்டு: 'சாக்கெட் மாற்றியது.' 'முன்பு கை வைத்தவர்' கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறான்.

பேனா எடுத்து என் பெயரை எழுதினேன்: கிதியோன், 1990.

டிசம்பர் 25

நாலாம் பாட்டில் ஆலன் பேஸ் டிரம்மை ஓங்கி ஒரு மிதி மிதித்தான். பாட்டில் அந்த இடத்தில் அடியே கிடையாது. என்னைப் பார்த்தான். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். ஆம்பில் சத்தமே இல்லை.