சௌனாவின் மேல்பலகையில் ஒரு ரௌட்டர்

தம்பெரே
6 செப்டம்பர் 2021

அன்புள்ள தைஸ்தோ,

இங்கே நான் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று நானே எழுதிக்கொள்கிறேன், நீயாக எங்கே சொல்லப்போகிறாய். போன் செய்யலாமே என்று நினைக்காதே. போனில் நீ "ம்" என்பாய், அப்புறம் மூச்சு விடுவாய். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், அந்த "ம்" எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கடிதத்தில் வெறும் "ம்" எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்கிற குறிப்புகளை நவம்பர் முதல் தேதியிலிருந்து வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் நல்ல இணைய வசதி இருப்பதாக அக்டோபர் இருபதுக்குள் படிவம் கொடுக்க வேண்டும். அன்றைக்குத்தான் இந்த ஃப்ளாட்டின் வாடகை ஒப்பந்தத்தையும் புதுப்பிக்க வேண்டும். படிவம் கொடுத்தால் நம் வீட்டுக்கு வந்துவிடுவேன். இல்லையென்றால் இன்னும் இரண்டு வருஷம் இங்கேதான். ஏற்கெனவே மூன்று ஆகிவிட்டது.

நம் பக்கத்துக்கு ஃபைபர் இணைப்பு வந்ததை நம் ஊர்ப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டேன். நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. கம்பெனிக்காரர்கள் மோடம் மட்டும்தான் வைப்பார்கள். இணைப்பு அதோடு வாசலில் நின்றுவிடும். அறைகளுக்குள் பரப்ப ரௌட்டர் வேண்டும். ஒன்று வாங்கி இன்றே பார்சல் அனுப்பியிருக்கிறேன். கவனமாகப் படி. மோடத்திலிருந்து வரும் கேபிளை ரௌட்டரின் பின்னால் தனியாக இருக்கும் நீலத் துளையில் செருகு. பக்கத்தில் நாலு மஞ்சள் துளைகள் இருக்கும், அவற்றில் இல்லை. முதலில் மோடத்தைப் போடு. அதன் விளக்கு சிமிட்டுவதை விட்டு நின்று எரியும்வரை பொறு. அப்புறம்தான் ரௌட்டர். வீட்டின் நடுவில், எவ்வளவு உயரத்தில் முடியுமோ அங்கே வை. நான் விட்டுவந்த பழைய லேப்டாப்பில் பார். ஏரிப்பக்கத்து அறையில் வருகிறதா என்பதுதான் முக்கியம், அங்கேதான் நான் உட்காரப்போகிறேன்.

ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடு. தினமும் சாஸேஜ் சாப்பாடாகாது.

உன் ரைலி


கூஹ்மோ
15 செப்டம்பர்

ரைலி,

பார்சல் வந்தது. உருளைக்கிழங்கு தோண்டியாகிவிட்டது. உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது.

மோடம்காரன் போன வாரமே வந்து, வாசல் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டி, "முடிஞ்சுது" என்றான்.

"வீட்டுக்குள்ள ஒண்ணும் வரலையே" என்றேன்.

"உள்ள வர்றது உங்க பாடு" என்று கிளம்பிவிட்டான். காப்பி கொடுத்தேன், வேண்டாம் என்றான். காப்பி வேண்டாம் என்கிறவன் செய்த வேலையை எப்படி நம்புவது?

முதல் இரண்டு நாள் மஞ்சள் துளையில் செருகிவிட்டுக் காத்திருந்தேன். பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். நீலத்தில் போட்டதும் விளக்கெல்லாம் எரிந்தது.

நடுவில், உயரத்தில் என்று எழுதியிருந்தாய். டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்தேன். வீட்டின் சரியான நடு, நாம் ஆவியில் குளிக்கும் சௌனாதான். அதில் உயரமான இடம், உட்காரும் மேல்பலகை. அங்கே வைத்திருக்கிறேன். கேபிள் கதவுக்கு அடியில் போகிறது. சௌனாவுக்குள் உட்கார்ந்தால் இணைப்பு பிரமாதம். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தால் ஒன்றுமில்லை. பழக நாளாகுமோ?

பெட்டி உள்ளே இருப்பதால் அடுப்பு மூட்டவில்லை.

தைஸ்தோ


தம்பெரே
20 செப்டம்பர்

என் அசட்டுத் தைஸ்தோ,

உன் கடிதத்தை இடைவேளையில் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசரே எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் புருஷன் அதுக்குத் துண்டு கட்டிவிட்டாரா?" என்று கேட்டாள்.

சௌனாவின் சுவர்ப் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, யோசி. சூடும் ஈரமும் வெளியே போகாமலிருக்க, நாலு சுவரிலும் கூரையிலும் அலுமினியத் தாள் ஒட்டினாயே, ஒரு சுருக்கம் விழுந்தால்கூட உரித்து மறுபடி ஒட்டினாயே! வைஃபை அதைத் தாண்டாது. கெட்டிக்காரத்தனமாகப் பெட்டியை டப்பாவுக்குள் அடைத்திருக்கிறாய்.

சிரித்து முடித்த பிறகுதான் உன் கடைசி வரி உறைத்தது. அடுப்பு மூட்டவில்லையா? சனிக்கிழமையுமா? உன் அம்மாவை அடக்கம் செய்த சனிக்கிழமைகூட நீ சௌனா போட்டாய். அடுப்புக் கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்பாமல் உனக்கு வாரமே முடியாது. எனக்காக அதையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாய், அதையும் ஒரே வரியில் எழுதுகிறாய். கோபமும் வருகிறது, உன்னைக் கட்டிக்கொள்ளவும் தோன்றுகிறது.

பெட்டியை வெளியே எடு. வாசல் பக்கத்து அலமாரி மேல் வைத்துப் பார். முதல் வேலையாக அடுப்பை மூட்டு.

பெட்டியைத் தவிர வேறு ஏதாவதும் எழுதேன். நான் வருவது உனக்கு எப்படி இருக்கிறது?

உன் ரைலி


கூஹ்மோ
29 செப்டம்பர்

ரைலி,

அலமாரி மேல் வைத்தேன். சமையலறையில் நன்றாக வருகிறது. உன் அறையில் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் சௌனா இருக்கிறது. ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். ஜன்னலில் வைத்தேன். கூடத்து மான்கொம்பில் தொங்கவிட்டேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். சௌனாச் சுவரைத் தாண்டினால் செத்துவிடுகிறது.

சனிக்கிழமை அடுப்பு மூட்டினேன். நல்ல சூடு.

பனி தள்ளும் வண்டியை சர்வீஸ் செய்துவிட்டேன். இந்த வருஷம் பனி சீக்கிரம் வரும்போல் இருக்கிறது.

முடியாமல் போனால் நீ கஷ்டப்பட்டுக்கொள்ள வேண்டாம். அங்கேயே உனக்கு வசதி என்றால் அதையும் யோசி.

தைஸ்தோ


தம்பெரே
5 அக்டோபர்

தைஸ்தோ,

"அதையும் யோசி." நாலு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்று "போகட்டுமா?" என்று கேட்டேன். நீ மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாய். "உனக்குப் பிடிச்சா போ" என்றாய். தலை நிமிரவில்லை. ஒரே ஒரு தடவை "போகாதே" என்று சொல்லியிருந்தால் அந்தத் தாளை அடுப்பில் போட்டிருப்பேன். ஸ்டேஷனுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். வண்டி நகரும்வரை நின்றாய். கையைக்கூட ஆட்டவில்லை.

இந்தத் தடவை நீலத் துளை, மஞ்சள் துளை என்று உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. இருபதாம் தேதி ஃப்ளாட்டின் வீட்டுக்காரர் ஒப்பந்தத் தாளோடு வருகிறார். வைஃபை வருகிறதா வரவில்லையா என்று நான் கேட்கவில்லை. உனக்கு நான் அங்கே வேண்டுமா வேண்டாமா? அதற்குப் பதில் எழுது. எழுத முடியாவிட்டால் கடிதமே போடாதே, நான் புரிந்துகொள்வேன்.

ரைலி


கூஹ்மோ
14 அக்டோபர்

அன்புள்ள ரைலி,

உன் கடிதம் ஏழாம் தேதி வந்தது. எட்டாம் தேதி காலையில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சௌனாவுக்குள் போனேன். உன் அறைப் பக்கத்துச் சுவர், வாசல் பக்கத்துச் சுவர், இரண்டிலும் பலகையைக் கழற்றித் தாளை உரித்தேன். எவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஐந்து நாள் ஆயிற்று. பெட்டி அலமாரி மேலேயே இருக்கிறது. உன் அறையில் ஜன்னல் பக்கம் லேப்டாப்பை வைத்தேன். வந்துவிட்டது. முழுசாக வருகிறது.

இனி அதில் அடுப்பு மூட்ட முடியாது, வீடே ஈரத்தில் ஊறிவிடும். கோடையில் ஏரிக்கரையில் புதிதாக ஒன்று கட்டிக்கொள்ளலாம். அதுவரை சனிக்கிழமை எதிர்க்கரை ஊர்ஹோ வீட்டுச் சௌனாவில். நான் பலகையைச் சுமந்து வெளியே போடுவதைப் பார்த்துவிட்டு அவன் படகில் வந்தான். "பைத்தியம் பிடிச்சிருச்சாடா உனக்கு?" என்றான். "ரைலி வர்றா" என்றேன். அப்புறம் அவனும் ஒரு பக்கம் பிடித்துச் சுமந்தான்.

உன் கேள்விக்கு வருகிறேன். இது நாலாவது தாள், மூன்றைக் கிழித்துவிட்டேன். "உனக்குப் பிடிச்சா போ" என்று அன்றைக்குச் சொன்னேன். ஒருத்தர் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்ந்தோம். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். மூன்று வருஷமாக அதையே எனக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். அது மரியாதை இல்லை, ரைலி. பயம். இரு என்று கேட்டு, நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம். போன கடிதத்தில் எழுதியதும் அதே பயம்தான்.

வைஃபை நின்றுபோனாலும் வா. வேலை போனாலும் வா. எனக்கு நீ இங்கே வேண்டும்.

உன் தைஸ்தோ


தம்பெரே
19 அக்டோபர்

என் தைஸ்தோ,

உன் கடிதம் இன்று பகலில் வந்தது. கீழே மாடிப்படியிலேயே பிரித்துவிட்டேன். கடைசி மூன்று வரியைப் படித்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். மேல்வீட்டுக்காரர் நாயோடு வந்தவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார், ஒன்றும் கேட்கவில்லை. உன் ஜாதி.

நீ சுவரை இடித்து என்னை இழுத்துவந்ததாக ஊர்ஹோவிடம் பெருமையடித்துக்கொள்ளாதே. நான் நேற்றே படிவத்தைக் கொடுத்துவிட்டேன். "வீட்டில் இணைப்பு நன்றாக உள்ளது" என்ற இடத்தில், உன் கடிதம் வராமலேயே, டிக் போட்டேன். வரவில்லை என்றால் சமையலறை மேஜையில் உட்கார்ந்து தட்டுவேன், நீ மீன் சுத்தம் செய்ய வேறு இடம் பார்த்துக்கொள் என்று முடிவு செய்திருந்தேன். அந்தப் படிவத்தை வாங்கின பெண்ணின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்கு வீட்டுக்காரர் தாளோடு வந்தால் சாவியைக் கொடுக்கப்போகும் தேதியைச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

இன்னொன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இருபது மீட்டரில் கேபிள் கிடைக்கிறது, தைஸ்தோ. கூஹ்மோ கடைவீதியிலேயே விற்கிறார்கள். மோடத்திலிருந்து கூடத்தைச் சுற்றி என் அறைக்கு இழுத்து, ரௌட்டரை அங்கேயே வைத்திருக்கலாம். அரை மணி நேர வேலை. எனக்கும் அப்போது தோன்றவில்லை, கோபத்தில் இருந்தேன். இதை ஊர்ஹோவிடம் சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே. நான் மட்டும் சாகும்வரை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.

இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டியில் கஜானி ஸ்டேஷனில் இறங்குகிறேன். மூன்று பெட்டி இருக்கிறது, காரைக் காலி செய்துகொண்டு வா. மறுநாள் சனிக்கிழமை, சௌனாவுக்கு இரண்டு பேர் வருகிறோம் என்று ஊர்ஹோவிடம் சொல்லிவை.

உன் ரைலி