நீ கேட்ட ஊசி

தங்கச்சிக்கு,

நீ கேட்ட, எடை குறைக்கிற ஊசியை அனுப்பவில்லை. கோபித்துக்கொள்ளாதே. டாக்டரிடம் உனக்காகக் கேட்டேன். "குழந்தைக்கு முயற்சி பண்றவங்க இதப் போடவே கூடாதும்மா. ஒருத்தர் ஊசிய இன்னொருத்தர் போட்டுக்கிறதும் ஆபத்து" என்றார்.

எனக்குச் சர்க்கரையும் எடையும் சேர்ந்து ஏறியதால் கொடுத்தார்கள். சின்ன அளவில்தான் ஆரம்பித்தார்கள், அதற்கே குமட்டல். தையல் மிஷின்மேல் தலையைச் சாய்த்தபடிதான் மதியம் கழிகிறது. பசிக்காவிட்டாலும் நேரத்துக்கு ரெண்டு வாய் சாப்பிட வேண்டுமாம்.

விருந்தில் எல்லார் முன்னாலும் உன் வீட்டுக்காரர் உன் தட்டைப் பார்த்துச் சிரித்தாராமே. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவர் பேச்சுக்கு நீ ஏன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்?

நாலு நாள் இங்கே வந்து இரு. சமைத்துப் போடுகிறேன். எனக்கு ரெண்டு வாய்க்குமேல் இறங்காது. நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அக்கா