மூச்சு வாங்கியது எனக்கில்லை

என் அன்பான அண்ணா, பாவி அண்ணா,

உன் நினைவு மலருக்கு எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் படித்தேன். சிரித்த முகமாம், உதவுகிற கையாம், தங்கமான குணமாம். செத்துப்போனவனைப் பற்றி வேறு எப்படித்தான் எழுதுவார்கள்? நான் அப்படி எழுதப் போவதில்லை. உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருக்கிறது.

முதல் பக்கம் நம் முதலாளி எழுதியது. பாண்டிச்சேரியில் சைக்கிள் சுற்றுலா நடத்தும் அவரிடம்தானே நாம் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நீ குழுவை வழிநடத்துகிறவன், நான் உனக்கு உதவி. பிரான்சின் தென்கோடியில், மத்தியதரைக் கடலை ஒட்டிய மலையடிவாரத்துக்கு ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போனோமே, அந்தப் பயணத்தைத்தான் எழுதியிருக்கிறார். தங்கைக்கு மூச்சு வாங்குகிறது என்று தெரிந்ததும், ஆசை ஆசையாகத் தான் போட்ட பாதையையே மாற்றி, மலையை விட்டுக்கொடுத்தவனாம் நீ. தாளை அவர் மேசையிலேயே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

யாருக்கு அண்ணா மூச்சு வாங்கியது?

மரக்காணத்தில் பிறந்தவர்களுக்கு மேடு என்றால் என்ன தெரியும்? உப்பளமும் கடலும் தட்டையாகக் கிடக்கிற ஊர். நமக்குத் தெரிந்த மேடெல்லாம் பாலம்தான். அதனால் மலைக்குப் பழக நீ காற்றைப் பிடித்தாய். தெற்குக் காற்று அடிக்கிற மாதங்களில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு வரைக்கும் எதிர்க்காற்றில் மிதிப்போம். "இந்தக் காத்த மிதிச்சிட்டா எந்த மலையையும் மிதிச்சிடலாம்" என்பாய். "நீ பின்னாடியே ஒட்டிக்கினு வா பாப்பா, காத்த நான் வாங்கிக்கிறேன்" என்பாய். உனக்கு அகலமான முதுகு. அதன் மறைவில் வந்தால் பாதி பலம் போதும். ஊர் உன்னை இரும்பு என்றது, என்னை வால் என்றது. நீயும் அதைக் கேட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வாய்.

காற்றும் மலையும் ஒன்று என்று நாம் நினைத்ததுதான் தப்பு. காற்றில் ஒருவருக்கு ஒருவர் மறைவு கொடுக்கலாம். மலையில் யாரும் யாருக்கும் மறைவு கொடுக்க முடியாது. அவரவர் உடம்பை அவரவரேதான் மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். காற்றை உடைக்கிற பெரிய உடம்பு அங்கே வெறும் சுமை.

பாதையை நீ நன்றாகத்தான் போட்டிருந்தாய், அதை மறுக்கவில்லை. நீஸ் கடற்கரையில் தொடங்கி, ஆலிவ் மரங்கள் படிப்படியாக நிற்கிற சரிவுகள் வழியே, கல் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன ஊர்கள். ஊர் நடுவே நீரூற்று இருக்கும், பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். உடம்பு பழகட்டும் என்று முதலில் ஏற்றமும் இறக்கமுமாக வைத்திருந்தாய். கடைசியில் வான்ஸ் என்ற ஊரிலிருந்து கணவாய்க்கு ஏறுவது. பயணமே அதற்காகத்தான். ஏற ஏற மரங்கள் நின்றுபோய், வெறும் வெள்ளைப் பாறை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று சாலையோரத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த ஏற்றத்தில் நான் உன்னைத் தாண்டிப் போனேன். வேண்டுமென்று செய்யவில்லை, கால் தானாகப் போயிற்று. ஒரு வளைவில் நின்று திரும்பிப் பார்த்தேன். கீழே கடல் முழுசாகத் தெரிந்தது, உன்னைக் காணவில்லை. எனக்கு பயமாகிவிட்டது. ஏறினதையெல்லாம் விட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

நீ சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு செயினைத் தடவிக்கொண்டிருந்தாய். உதடு வெளுத்திருந்தது. "செயின் மாட்டிக்குது" என்றாய். செயினில் ஒன்றும் இல்லை. அதற்குள் பின்னால் வந்த குழு நம்மைப் பிடித்துவிட்டது. நீ எழுந்து அவர்களிடம் சொன்னாய்: "தங்கச்சிக்கு மூச்சு வாங்குதுங்க. ரிஸ்க் வேணாம், கீழ் ரூட்ல போயிடலாம்."

குழுவில் ஒரு அம்மாள் என் கையில் குளுக்கோஸ் பொட்டலத்தைத் திணித்தார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, அண்ணனுக்குத்தான்" என்றேன். "அவ அப்படித்தான் சொல்லுவா" என்று நீ சிரித்தாய். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு திரும்பிக் கீழே இறங்கினோம்.

ஊருக்கு வந்ததும் அம்மாவிடமும் அதையே சொன்னாய். நானும் விடவில்லை, மூச்சு வாங்கியது அவனுக்கு என்றேன். "அவன் உடம்பு எது, உன் உடம்பு எது? அண்ணன் மேலயே தள்ளி விடுறியா?" என்றாள் அம்மா. மறுநாள் உப்பளத்து வேலைக்குப் போகாமல் என்னைப் பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனாள், நெஞ்சு டாக்டரிடம். துணைக்கு நீயும் வந்தாய். என்னைப் படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர் ஒட்டி, ஸ்கேன் எடுத்து, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பினார் டாக்டர். வெளியே வந்து பார்த்தால், என் செருப்பைக் காலடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து நீ டீ குடித்துக்கொண்டிருந்தாய்.

கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் இருந்தது, டாக்டர் இருந்தார். எழுந்து உள்ளே வந்து, எனக்கும் ஒரு தடவை பாருங்கள் என்று சொல்ல உனக்கு என்ன கேடு வந்தது? தங்கை தாண்டிப் போய்விட்டாள் என்று ஒத்துக்கொள்வதைவிட, செத்துப்போவது உனக்குச் சுலபமாக இருந்ததா?

அதற்கப்புறம் எனக்கு வேன்தான். குழு மிதித்துக்கொண்டு போகும். நான் தண்ணீர் கேனோடும் பஞ்சர் சாமானோடும் பின்னால் ஊர்ந்து வருவேன். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றார் முதலாளி. பக்கத்தில் நின்று நீ தலையாட்டினாய்.

ஒரு நாள் விடிந்ததும் கிளியனூர் பக்கம் தனியாக மிதிக்கப் போனாய். சாலையோரப் புளியமரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தவன், உட்கார்ந்தபடியே போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவைக் கேட்டார். "இந்த ஹார்ட் கோளாறு இன்னிக்கு வந்தது இல்லம்மா, ரொம்ப நாளா இருந்திருக்குது. மூச்சு வாங்குதுன்னு எப்பவாவது சொன்னாரா?"

அம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அவனுக்கு ஒண்ணும் கிடையாதுங்க. இவளுக்குத்தான் வாங்கும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இங்கே நடப்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும். வரும் ஏப்ரலில் மறுபடியும் உன் பாதையில் ஒரு குழு போகிறது. வழிநடத்த ஆள் தேடினார்கள். முதலாளியிடம் நேராகப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். "சரி, நீயே கூட்டிக்கினு போ" என்றார். நம்பினாரா, வேறு ஆள் கிடைக்கவில்லையா, தெரியாது. அவர் எழுதிய பக்கத்துக்கு அடுத்ததாக இந்தக் கடிதத்தைப் போடுங்கள் என்றேன். அதற்கும் சரி என்றார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மலரில் மகன் படத்தைப் பார்த்ததும் யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்வாள். முகம், கை, குணம் எல்லாவற்றையும் படித்துக் காட்டுங்கள். இதை மட்டும் படிக்காதீர்கள்.

ஏனென்றால், அண்ணா, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா உப்பளத்திலிருந்து வந்தவள், தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் கதவருகில் நின்று என்னைக் கேட்டாள். "ஏண்டி, மூச்சு வாங்குனது அவனுக்குத்தான்னு அன்னிக்குச் சொன்னியே, நெஜமா? நான் உன்ன உள்ள இட்டுக்கினு போயி, அவன வெளிய உக்கார வெச்சிட்டனா?"

இத்தனை மாதமாக யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தவள் நான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்களில் உப்பு அறுத்த வெடிப்பு. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றேன். "எனக்குத்தான் வாங்குச்சு. வெக்கப்பட்டுக்கினு அவன் மேல சொல்லிட்டேன்."

"அதான பாத்தேன்" என்றாள். தலைத்துணியை அவிழ்த்தாள், கை கால் கழுவினாள், சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நீ போன பிறகு அவள் தானாகப் போட்டுச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து பார்த்து, "நீ இனிமே மேட்டுக்கெல்லாம் போவாத" என்றாள்.

உன் பொய்யை என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாய். இதற்கு உன்னை மன்னிக்கமாட்டேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று சண்டை போடவாவது நீ இருந்திருக்கலாம். அந்தச் சண்டைக்கு ஆளில்லாமல் தவிக்கிறேன் அண்ணா.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். ஏப்ரலில் அந்தக் கணவாய் முழுக்க ஏறுவேன். குழுவில் யாருக்காவது மூச்சு வாங்கினால், அங்கேயே நிறுத்தி, எனக்குத்தான் என்று அவர் வாயால் சொல்லவைத்துவிட்டுத்தான் நகருவேன். உச்சிக்குப் போனதும் அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும். உடனே செய்யமாட்டேன். ஓரமாக உட்கார்ந்து, என் மூச்சு முழுசாக அடங்குகிற வரைக்கும் பொறுத்திருப்பேன். அப்புறம் கூப்பிட்டு, வேனில்தான் இருக்கிறேன் அம்மா என்று சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மகேஸ்வரி