வீட்டில் யார் சம்பாதிக்கிறது?

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே அனல். குழாயில் தண்ணீர் இல்லை. அடுத்த தெருவிலிருந்து இரண்டு குடம். கப்பலூர் பஸ்ஸில் நின்றபடியே பயணம். கம்பெனியில் இன்றும் ரப்பர் வாஷர் தரம் பார்க்கும் வேலை. கண் எரிச்சல்.

சாப்பாட்டு நேரத்தில் செல்வி (பக்கத்து மேசை, இனி செ.) ஒரு செய்தி கொண்டுவந்தாள். தன் சம்பளத்தில் குடும்பத்தைக் காப்பாற்றும் பெண்களுக்கு ஒரு அறக்கட்டளை படிப்பு உதவித்தொகை தருகிறதாம். கட்டணம் முழுவதும். படிக்கிற காலத்தில் வீட்டுச் செலவுக்கும் மாதாமாதம். "உனக்குன்னே வச்ச மாதிரி இருக்குடி. லேப் டெக்னீசியன் படிக்கணும்னு எம்புட்டு நாளா பொலம்புற!"

வயது வரம்பு முப்பத்தைந்து. எனக்கு ஆவணியோடு அது முடிகிறது. அதாவது இந்த ஒரு தடவைதான்.

செ. போனிலேயே விண்ணப்பித்தாயிற்று. ஆசைப்படக் கூடாது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்தேன். ஆசைப்பட்டுவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு
வாடிப்பட்டி. பெரிய மாமனார் (இவருடைய, அதாவது என் வீட்டுக்காரருடைய, பெரியப்பா) பேத்திக்குக் காதுகுத்து. மொய் என் சம்பளம். மைக்கில் வாசித்தது இவர் பெயர். ஊர் வழக்கம், எந்த வீட்டிலும் பெண் பெயரில் மொய் எழுதுவதில்லை.

எங்கள் வீட்டில் அது மொய்யோடு நிற்கவில்லை. கட்டட வேலையில் சாரம் சரிந்து இவருக்கு இடுப்பு போன பிறகு, மாதச் சம்பளத்தை இவர் சட்டைப்பையில் வைத்துவிடுவேன். இவர் எடுத்து அத்தையிடம் கொடுப்பார். மளிகை, பள்ளிக்கூடம், சீட்டு எல்லாம் இவர் கையால். வாசலில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை, பெயருக்கு. ஈ கூட உட்கார யோசிக்கும். தெருவில் கேட்டால் அந்தக் கடையில்தான் நாங்கள் பிழைக்கிறோம்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் மச்சினன் முறைக்காரன் ஒருத்தன், "வாங்க மாப்ள, பொண்டாட்டி சம்பாத்தியம் எப்புடி ருசிக்குது?" என்று கேட்டான். இவர் இலையில் கை வைக்காமல் எழுந்து வந்தார். அன்றைக்கு நான் செய்த ஏற்பாடு.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை, பக்கத்து சீட்டுக்காரியிடம்: "இடுப்பு ஒடிஞ்சும் எம்மவன்தான் இம்புட்டுக் குடும்பத்தையும் சொமக்குறான்." அத்தையே நம்பிவிட்டார். சிரிப்பும் எரிச்சலும்.

ஜூன் 24, செவ்வாய்
லீவு. அ.க.விலிருந்து ஒரு மேடம் வீடு பார்க்க வந்தார். (அ.க. = அறக்கட்டளை. எத்தனை தடவை முழுசாக எழுதுவது.) அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இவரிடம் மட்டும், "நீங்க கடையிலயே இருங்க, நான் பேசிக்கிறேன்" என்று சொல்லியிருந்தேன்.

மேடம் முதலில் தெருவில் நாலு பேரை விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அந்த நேரம் பார்த்துப் பெரிய மாமனாரும் வந்து உட்கார்ந்தார். சனி சொல்லிக்கொண்டா வரும். பெரியவர் வந்துவிட்டாரே என்று இவரும் கடையை விட்டு உள்ளே.

"வீட்டுல யாரும்மா சம்பாதிக்கிறது?"

அத்தை முந்திக்கொண்டார். "எம்மவன்தான் தாயி. இவ வேலைக்குப் போறது கைச்செலவுக்கு."

மேடம் என்னைப் பார்த்தார். பெரிய மாமனார் இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார்.

"நான்தான்" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"அவருதான் மேடம். நானும் கொஞ்சம்..." என்றேன்.

மேடம் எழுதிக்கொண்டார். காபி நன்றாக இருந்தது என்றார்.

சாயங்காலம் செ.க்குப் போன். "பைத்தியமாடி நீ?" ஆமாம்.

ஜூலை 3, வியாழன்
வேலை நேரத்தில் மேடம் அழைத்தார். "வீட்டுக்காரர் சம்பாத்தியம் இருக்குன்னு விசாரிச்சதுல தெரியுது. இது குடும்பத்த முழுசா சுமக்குற பொண்ணுங்களுக்குத்தாம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க."

நினைக்கவில்லை. பாத்ரூமில் அழுதேன். திரும்பி வந்து வாஷர்.

சூப்பர்வைசர் பையன்: "என்னக்கா, கண்ணு செவந்திருக்கு?"
"ரப்பர் வாடை தம்பி."

யாரைத் திட்டுவது? நானே கட்டிய பொய். ஊரே நம்பும்படி நன்றாகத்தான் கட்டியிருக்கிறேன். இவர் மேல் கோபமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். இருக்கிறது. நிறைய இருக்கிறது. போன் வந்ததை இவரிடம் சொன்னேன்.

வாங்க: தேங்காய், துணி சோப்பு, மகளுக்கு நோட்டு அட்டை.

ஜூலை 5, சனி
புழுக்கம். மழை வருவதுபோல் வந்து ஏமாற்றியது. வேலை முடிந்து வந்தால் கடை பூட்டியிருக்கிறது. அத்தைக்கும் தெரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார், சட்டை முழுக்க வியர்வை. அந்த இடுப்போடு இரண்டு பஸ் மாறி அ.க. ஆபீசுக்குப் போயிருக்கிறார். காத்திருந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாராம்: "நான் ஒத்தப் பைசா சம்பாதிக்கல மேடம். எம்பொண்டாட்டிதான் எங்களுக்குச் சோறு போடுறா."

அடுப்படியில் அத்தை கேட்டுக்கொண்டு நின்றார்.

"அவுக என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"ஆள் எடுத்து முடிச்சாச்சாம். முன்னாடியே சொல்லிருக்கலாமேன்னாக."

காலை நீட்டி உட்கார்ந்தார். தைலம் தேய்த்துவிட்டேன்.

"அடுத்த வருசம் போடலாம்ல? நானே வந்து சொல்றேன். இப்பக் கூச்சமெல்லாம் போயிருச்சு."

வயது வரம்பை நான் இவரிடம் சொன்னதேயில்லை.

"போடலாம்" என்றேன்.