பட்டுத்துணியில் பெட்ரோல் வாசம்

மாப்ள,

இன்று காலை சட்டையை ஊறப்போடும் முன் பையைத் துழாவினேன். உன் பட்டுத்துணி வந்தது. உள்ளங்கை அகலம். ஒரு காலத்தில் மாம்பழ நிறமாக இருந்திருக்கும். இப்போது எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாத நிறம். முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல். நேற்று உன் காரோடு மல்லுக்கட்டியதன் மிச்சம். சட்டையை மட்டும் வாளியில் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போய்ச்சேர்ந்த நாளிலிருந்து எட்டு மாதமாகக் கார் நின்ற இடத்திலேயே நின்றது. உன் மகன் வெளியூரில் இருந்தபடி போனிலேயே காயலாங்கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டான். வியாழக்கிழமை வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை உன் மனைவி, உங்கள் கல்யாண நாளிலிருந்து நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, நாளன்னைக்குக் காரைத் தூக்கிட்டுப் போக ஆளு வாராக. அதுக்கு முன்னாடி ஒருதடவ கிளம்புதான்னு பாருங்க. கிளம்புனா இருந்துட்டுப் போகட்டும். இல்லேன்னா போகட்டும். எனக்கு ஒண்ணுமில்ல.”

எனக்கு ஒண்ணுமில்லை என்பதை மூன்று முறை சொன்னாள். ஒரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

நீ காரைப் பழுது பார்த்த இருபது வருடமும் பக்கத்தில் நின்றவன் நான். நின்றதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை என்பது அவளுக்குத் தெரியாது. நீயும் கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரே ஒரு முறை கை வைத்தேன். பேரையூர்ப் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனோமே, அன்று. கார் இருமி, நொண்டி, புளியமரத்தடியில் ஒதுங்கியது. தூறல் வேறு. நீ பானெட்டைத் தூக்கினாய். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பார்க் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திரும்ப மாட்டுவது உன் முறை. ஷாக் அடிக்காமல் இருக்க, உங்கள் வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டுத்துணியைக் கையில் சுற்றிக்கொள்வாய்.

“ஒயரை எடுத்ததும் சத்தம் மாறுச்சுன்னா அந்த பிளக்கு நல்லா வேலை பாக்குதுன்னு அர்த்தம். எடுத்தும் சத்தம் மாறலேன்னா, அதான் நம்ம திருடன்.”

“கொடு, ஒண்ணு நான் எடுக்கேன்” என்று நான் தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பிடுங்கினேன். துண்டு தூறலில் நனைந்திருந்தது. அடுத்த கணம் நான் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. இஞ்சினுக்குக் காது கொடுத்தபடியே, “இந்த பிளக்கு நல்லாருக்கு மாப்ள” என்றாய்.

அந்தச் சோதனையை நீ காரோடு நிறுத்தியிருக்கலாம். நம் ஆபீசுக்கும் கொண்டுவந்தாய். சூப்பிரண்டு ஒரு மாத லீவில் போனார். கோப்புகள் எப்போதும்போலவே நகராமல் கிடந்தன. “சத்தம் மாறுச்சா மாப்ள?” என்றாய். “இல்லையே” என்றேன். “அப்ப மாத்த வேண்டியது அதான்” என்று பேனாவை மூடினாய். அவரை யாரும் மாற்றவில்லை. பதவி உயர்வு கொடுத்தார்கள்.

நான் கண் ஆபரேஷனுக்குப் பதினைந்து நாள் லீவில் போய்த் திரும்பியதும் உன்னிடம் கேட்டேன்: “சத்தம் மாறுச்சா?”

“ஒண்ணும் தெரியலையே மாப்ள” என்றாய், முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல்.

அன்று மாலை பியூன்தான் சொன்னார்: “பதினஞ்சு நாளா அவரு டீக்கடைப் பக்கமே போகல சார்.” நான் இதை உன்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வயிறு சரியில்லை என்றிருப்பாய்.

நேற்று நடந்ததற்கு வருகிறேன். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றி, புதுப் பெட்ரோல் ஊற்றி, நான்கு புது பிளக்கும் வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாவதை மாட்டும்போது கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. துடைத்து மாட்டிவிட்டேன். அரசு ஊழியனாக முப்பது வருடம் இருந்த அனுபவம்.

தங்கச்சியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். “சாவியத் திருப்பி, ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சுக்கிட்டே இரு” என்றேன். அந்த சீட்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கார் முனகியது, அடங்கியது, மறுபடி முனகியது. அவள் ஸ்டீயரிங்கைத் தட்டி உங்கள் வீட்டு மொழியில் ஏதோ திட்டினாள். எங்களிடம் தமிழும் காரிடம் மட்டும் வீட்டு மொழியும் பேசுவாயே, அதே வசவு. கார் கிளம்பிவிட்டது.

கிளம்பியதே தவிர, ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது.

“அண்ணே, இது ஓடுதா, சாகுதா?”

“இரு, பாக்குறேன்.”

உன் டூல் பையிலிருந்து பட்டுத்துணியை எடுத்துக் கையில் சுற்றினேன். காய்ந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். முதல் ஒயர்: இஞ்சின் தடுமாறியது. இரண்டாவது: தடுமாறியது. மூன்றாவது: ஒன்றுமே ஆகவில்லை. மாட்டினேன், எடுத்தேன். அதே நடுக்கம், அதே சத்தம். புத்தம் புதுத் திருடன்.

இஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு அந்த பிளக்கைக் கழற்றினேன். விழுந்த வேகத்தில் நுனியின் இடைவெளி ஒட்டிப்போயிருந்தது. பொறி எங்கிருந்து வரும்? பையின் அடியில் இரும்பு அறுக்கும் உன் ஆக்சா பிளேடு துண்டு கிடந்தது. அந்தத் துண்டு நுழைகிற அளவுக்கு இடைவெளி வேண்டும் என்பாய். நெம்பி, நுழைத்துப் பார்த்து, மாட்டினேன். தங்கச்சி சாவியைத் திருப்பினாள். இந்த முறை நடுக்கம் இல்லை.

அவள் சீட்டில் இருந்தபடியே மகனுக்குப் போன் போட்டாள். “நாளைக்கு யாரும் வர வேணாம்னு சொல்லிரு. கிளம்பிருச்சு. ஏனா? என்னடா ஏன்? கிளம்பிருச்சு, அம்புட்டுதான்.” போனை வைத்த பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புகை என்றாள். புகை ஒன்றும் வரவில்லை.

பிளக் விழுந்த கதையை அவளிடம் சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

திருப்பரங்குன்றம் வரை ஒரு சுற்று போய்வந்தோம். நான் ஓட்டினேன். தங்கச்சி பழக்கத்தில் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்; இத்தனை வருடமும் முன்சீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வழியடைத்தவன் நான்தானே. பழங்காநத்தம் தாண்டும்போதுதான் கவனித்தேன். உன் இடத்தில் நான் இருந்தேன். என் இடம் காலியாக இருந்தது.

பின்னாலிருந்து கேட்டாள்: “அண்ணே, சத்தம் சரியா இருக்கா?”

“காருக்குச் சரியா இருக்கும்மா” என்றேன்.

மலை தெரிகிறவரை இரண்டு பேரும் இஞ்சினைக் கேட்டுக்கொண்டே போனோம்.

பட்டுத்துணியைத் துவைக்கப்போவதில்லை. வேறு சட்டையின் பைக்கு மாற்றிவிட்டேன்.