நூற்றுப் பதினேழாம் எண் படகின் சான்றிதழ்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாமா வீட்டில் நான் நன்றாகப் படிக்கிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை.

மாமா படகுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பவர் அல்லவா? போன வாரம் ஒரு படகுக்கு அறிக்கையும் சான்றிதழும் என்னையே எழுதச் சொன்னார். "உன் எழுத்து முத்து முத்தா இருக்கு. போன வருஷத்துத் தாளைப் பாத்து தேதிய மட்டும் மாத்து."

"படகைப் பாக்க வேண்டாமா மாமா?"

"அது என்ன, கோவிச்சுக்கிட்டா போயிடும்?" என்று சிரித்தார். அந்தப் பழைய தாளில், இன்ஜினுக்கு அடியில் பலகை இற்றுவிட்டது, மாற்ற வேண்டும் என்றிருந்த வரியை விட்டுவிடச் சொன்னார். விட்டுவிட்டேன்.

நேற்று அம்மா போனில், நீங்கள் நூற்றுப் பதினேழாம் எண் படகுக்கு மாறி, அடுத்த வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதாகச் சொன்னாள். அதே படகு அப்பா. மாமாவிடம் சொல்லி அழுதேன். "வெளியில மூச்சு விட்டே, உன் படிப்பு அவ்வளவுதான்" என்று போனைப் பூட்டிவைத்துவிட்டார்.

ஏறாதீர்கள் அப்பா. அந்தப் பலகையில் கத்தி முனையை அழுத்துங்கள், உள்ளே இறங்கும். என் பழைய போர்வை வேண்டும், வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாமல் நீங்களே இங்கே கொண்டு வாருங்கள். மாமா எழுந்துவிட்டார், விளக்கை அணைக்கிறேன். சான்றிதழைக் காட்டி யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். படகைப் பார்க்காமல் அதை எழுதியது நான்தான்.

உங்கள் மகள்