முகம் பார்த்தலுக்குப் பத்துப் புள்ளி

போன இடத்திலும் யாருடைய பேச்சுக்கோ புள்ளி குறைத்துக்கொண்டிருக்கும் என் அன்பு மாப்பிள்ளை மாணிக்கத்துக்கு,

ஊர் முன்னால் உன்னை 'நீங்க' என்றுதான் சொல்லுவேன். தங்கச்சி புருஷனுக்குத் தரவேண்டிய மரியாதை அது. நாம் இருவர் மட்டும் இருக்கும்போது 'நீ'. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப்போகிறார்கள் என்றாலும் எனக்கு இங்கே 'நீ'தான் வேண்டும். 'நீங்க' என்று எழுதினால் நீ செத்துப்போனது உறுதியாகிவிடும் போல இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கல்லூரி மண்டபத்தில் விவாதப் போட்டி நடந்தது. நீ இல்லாமல் நடந்த முதல் போட்டி. நேரம் பார்த்து மணி அடித்தது யார் தெரியுமா? உன் மச்சான். ஹட்டன் கடைவீதியில் கால்சட்டை தைக்கிற இந்த வீரமுத்துவின் கையில் மணியையும் கடிகாரத்தையும் கொடுத்து, "நாலாம் நிமிசம் ஒரு தட்டு, அஞ்சாம் நிமிசம் ரெண்டு தட்டு, நடுவுல நீங்க பேசக் கூடாது" என்றார் கல்லூரி அதிபர். நான் அடித்த முதல் மணியில் பட்டிப்பொல ஸ்டேஷனில் நின்ற ரயில் பச்சைக்கொடிக்குக் காத்திராமல் புறப்பட்டுவிட்டதாகக் கேள்வி.

உன் மகள் பாக்கியம் பேசினாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் தொப்பியின் கதையைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது.

நீ கல்லூரியில் பேச்சும் விவாதமும் சொல்லிக்கொடுத்த காலத்தில், புள்ளித் தாளில் ஐந்து கட்டம் போட்டாய். விஷயம், குரல், ஒழுங்கு, மறுப்பு. ஐந்தாவது, முகம் பார்த்தல். ஒவ்வொன்றுக்கும் பத்து. டவுன் பிள்ளைகளுக்கு அந்த ஐந்தாவது கட்டம் இனாம் மாதிரி. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் வளரும் நம் லயத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் பள்ளம். விஷயம் சொல்லுவார்கள், எதிராளியை மடக்குவார்கள், ஆனால் நடுவர் நிமிர்ந்து பார்த்ததும் கை இரண்டும் மார்பில் ஏறிக் கட்டிக்கொள்ளும், கண் தரைக்குப் போய்விடும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் தோட்டத்துத் துரைக்கு முன்னால் அப்படித்தானே நிற்கிறோம்? பெரியவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவன் திமிர் பிடித்தவன் என்றுதானே நம் வீட்டில் வளர்த்தார்கள்?

"அந்தக் கட்டத்த எடுத்துருங்க மாஸ்டர், பாவம் புள்ளைங்க" என்று மற்ற ஆசிரியர்கள் சொன்னார்கள். நீ எடுக்கவில்லை. என் கடைக்கு வந்தாய்.

"மச்சான், ஒரு துரை வேணும்."

"எத்தனை முழத்துல?" என்றேன்.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை என்னிடம் விட்டுப்போன தொப்பியும் பூட்சும் கடையில் கிடந்தன. தொப்பியை என் தலையில் வைத்து, பூட்சை மாட்டி, சனிக்கிழமை பின்னேரங்களில் காலி வகுப்பறையில் உட்காரவைத்தாய். "நீ ஒண்ணும் பேசாத மச்சான். சும்மா உக்காந்தா போதும்" என்றாய். மாப்பிள்ளை, இந்த மலைநாட்டில் எந்தத் துரையும் என்னைப்போல் உட்கார்ந்ததில்லை. நான் கால்மேல் கால் போட்டதும் சுற்றியிருந்த ஏழு மலையிலும் தேயிலைச்செடிகள் ஒரு விரல்கடை குனிந்தன.

அதிசயம் என்னவென்றால், பிள்ளைகள் நிஜமாகவே பயந்தார்கள். கடையில் என் தோளில் தொங்கி இனிப்பு வாங்கித் தின்கிற பிள்ளைகள்தான். தொப்பியைக் கண்டதும் கை கட்டிக்கொண்டார்கள். நீ திட்டவில்லை. "கைய கட்டுறது மரியாதைதான்டா. ஆனா மேடையில ஒனக்குக் கை வேணும். தலைய குனிஞ்சா குரல் காலடியில விழுந்துரும், கடைசி வரிசையில இருக்கிறவன் அத எப்படிப் பொறுக்கிக்குவான்?" என்று கேட்டாய். வாரத்துக்கு வாரம் கண்கள் என் பூட்சிலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து பொத்தானுக்கு ஏறின. மூன்று வருடத்தில் எத்தனை பேரை என் மூக்குவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தாய்.

ஒருத்தி மட்டும் பூட்சை விட்டு ஏறவில்லை. உன் மகள்.

கடைசியாக நீ நடத்திய போட்டியில் பாக்கியத்துக்கு ஐந்தாவது கட்டத்தில் இரண்டு போட்டாய். பெற்ற மகளுக்கு, பத்துக்கு இரண்டு. அன்றிரவு உன் வீட்டில் உனக்குச் சோறு இருந்தது, குழம்பு இல்லை. "எதுக்குய்யா ரெண்டு?" என்று நான் சண்டைக்கு வந்தேன். "ரெண்டு தடவைதான் நிமிர்ந்து பார்த்தா. ரெண்டு போட்டேன்" என்றாய். அவள் அந்தத் தாளை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். இனி மேடை ஏறமாட்டேன் என்றாள். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அவள் தலை நிமிர்ந்து பேசி நீ பார்க்கவில்லை. அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது, உனக்கும் கிடந்திருக்குமோ?

இந்த வருடம் அவளாகவே பெயர் கொடுத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி உலகத்தில் அதுதான்.

மலைநாட்டுக்கு அதிகம் உதவியது ரயிலா, பஸ்ஸா? அதுதான் தலைப்பு. பாக்கியம் ரயில் பக்கம். அவளுக்கு முன்னால் பேசிய டவுன் பையன் கெட்டிக்காரன், குறை சொல்லமாட்டேன். "றொசல்ல ஸ்டேசன்ல ரயிலுக்கு நின்ன மாப்பிள்ளைக்கு, கொழும்புக்குப் போய்ச் சேர்றப்ப பேரப்பிள்ளை பொறந்துருச்சு" என்றான். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் பாக்கியம் எழுந்தாள். தொடங்கியபோது கண் மேசைமேல்தான். மூன்றாம் நிமிடத்தில் இருந்தாள். அப்போது பின்கதவு திறந்தது.

கோப்பை கொடுக்க அழைத்திருந்த துரை வந்துவிட்டார். நிஜத் துரை. முக்கால்மணி நேரம் பிந்தி.

மாப்பிள்ளை, மண்டபம் மொத்தமும் எழுந்தது. லயத்திலிருந்து வந்த அம்மா அப்பாக்கள், ஆசிரியர்கள், மூன்று நடுவர்கள், எல்லோரும். எல்லாக் கைகளும் கட்டிக்கொண்டன, எல்லாத் தலைகளும் குனிந்தன. இவ்வளவு பெருமை பேசுகிற உன் மச்சான் என்ன செய்தான் என்று கேட்கிறாயா? மணியைக் கீழே வைத்தேன். தோளில் கிடந்த துண்டு தானாகக் கக்கத்துக்கு இறங்கியது. மூன்று வருடம் துரையாக இருந்தவன், கைகட்டி என் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேடையிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"நேரக்காரர் ஐயா, கொஞ்சம் நிமிர்ந்து கடிகாரத்தப் பாருங்க. என் நேரம் ஓடுதா, நிக்குதா?"

நிமிர்ந்தேன். அவள் கை கட்டவில்லை. பேச்சில் உயர்த்திய வலது கை பாதியில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்த கண்ணைத் துரைக்குத் திருப்பினாள். பூட்சுக்கு இல்லை, பொத்தானுக்கு இல்லை, நேராக முகத்துக்கு.

"வாங்கய்யா, உக்காருங்க. ரயில் பிந்தி வருதுன்னு எதிர்க்கட்சி ரொம்ப வருத்தப்பட்டாங்க. பிந்தி வர்றது ரயில் மட்டும் இல்லைங்கய்யா. பிந்தினாலும் வந்து சேர்ந்தா, நாங்க எடம் குடுக்கிறோம்ல? ரயிலுக்கும் அந்த மரியாதையக் குடுங்கன்னுதான் நான் கேக்கிறேன்."

முதலில் சிரித்தது பின்வரிசையில் இருந்த கடைக்காரர் காசிம் நானா. அவருக்குப் பெரட்டு இல்லையே. பிறகு துரையே சிரித்தபடி உட்கார்ந்தார். அதன் பிறகுதான் மற்றத் தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. "வீரமுத்தண்ணே, ஒங்க மருமக துரைக்கே டிக்கட் வெட்டிட்டா" என்றார் நானா, படியிறங்கும்போது.

கோப்பை டவுன் பையனுக்குப் போனது, இரண்டு புள்ளியில். நான் புள்ளித் தாளைப் பார்த்தேன். ஐந்தாவது கட்டத்தில் பாக்கியத்துக்கு மூன்று நடுவர்களும் ஐந்து போட்டிருந்தார்கள். நடுவர்கள்மேல் பாய்ந்தேன். போஸ்ட்மாஸ்டர்தான் தலைமை நடுவர், நேர்மையான மனுசன். "நாங்க எங்கங்க பார்த்தோம்? தலைய குனிஞ்சிக்கிட்டுல்ல நின்னோம். பாக்காததுக்கு எப்படிங்க பத்துப் போட? அதான் பாதி போட்டோம்" என்றார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. அவரிடம் நான் என்ன வாய் பேச? நானும் குனிந்தவன்தானே.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரே பனிமூட்டம். பாக்கியம் கேட்டாள்: "அப்பா ரெண்டு போட்டாரு, இவங்க அஞ்சு போட்டிருக்காங்க. மூணு கூடியிருக்குல்ல மாமா?"

நான் எதையும் ஏழு மடங்கு கூட்டிச் சொல்லுகிறவன். அன்றைக்கு எனக்குக் கூட்ட ஒன்றும் தோன்றவில்லை. "கூடியிருக்கு" என்றேன்.

உன் முறைப்படி எண்ணினால் அவளுக்கு ஒன்றுதான் கிடைக்கும் மாப்பிள்ளை. ஒரே தடவைதான் துரையைப் பார்த்தாள். பார்த்த கண்ணை எடுக்கவில்லை. இதற்கு நீ எத்தனை போடுவாய்?

தங்கச்சி அன்றைக்கு மூன்று கறி வைத்தாள். உனக்கும் ஒரு இலை போட்டாள், குழம்போடு.

தொப்பியைத் தட்டித் துடைத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமையிலிருந்து காலி வகுப்பறையில் பழையபடி துரை உட்காருவார். பாக்கியம் பிள்ளைகளைக் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறாள். அடுத்த வருடமும் மணி என் கையில்தான். அன்றைக்கு அந்தக் கதவைத் திறந்துகொண்டு எந்தத் துரை வந்தாலும், கொழும்பிலிருந்து மந்திரியே வந்தாலும், மேடையில் நிற்கிற பிள்ளை பேசி முடிக்கும்வரை நான் எழும்பமாட்டேன். இது கூட்டிச் சொன்னதில்லை.

நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்,
உன் மச்சான், உன் மகளின் தாய்மாமன்
வீரமுத்து